காக்டெய்ல் கூண்டுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால்

வீட்டு கேட்டில் துருப் பிடித்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேலே எனாமல் இரண்டு கோட்டு அடித்துவிடுகிறோம். பறவைக் கூண்டையும் அப்படியே செய்யலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். கேட்டை யாரும் கடித்துப் பார்ப்பதில்லை. காக்டெய்ல் என்கிற கொண்டைக் கிளியும், நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிக் கிளியும் கம்பியில் ஏறுவது அலகால்தான். பொழுது போகாவிட்டால் ஒரே இடத்தைக் கொறித்துக்கொண்டே இருக்கும். அதனால் கூண்டுக்கு எதைப் பூசுவதாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டுதான்: இது அலகுக்கு எட்டுமா? இதன் வாசம் மூச்சுக்குள் போகுமா? கலர், பளபளப்பு, எத்தனை வருடம் நிற்கும் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எங்கள் வீடு பல்லடத்துக்குப் பக்கம். போர் தண்ணீர் நல்ல உப்பு. பக்கெட்டுக் கைப்பிடியில் தொடங்கி ஜன்னல் கொண்டி வரை எந்த இரும்பையும் விட்டுவைக்காது. கூண்டைக் கழுவுவதும் அதே தண்ணீரில்தான். எச்சமும், பறவை குளித்துச் சிதறும் ஈரமும் சேர்ந்து கீழ்க் கம்பிகளில் வெள்ளைப் பெயிண்ட் பொரிந்து எழும்ப ஆரம்பித்திருந்தது. பெங்களூருக்குக் குடிபோன சொந்தக்காரர் ஒருவர் இரண்டு காக்டெய்லோடு சேர்த்துக் கொடுத்த பெரிய கூண்டு அது. எப்போது செய்தது, என்ன பெயிண்ட் என்று அவருக்கும் தெரியாது. துருவை விட எனக்கு அந்தப் பொரிந்த பெயிண்ட்தான் கவலை. வெறும் இரும்புத் துரு ஈயம் போன்ற விஷம் கிடையாது. ஆனால் துரு அடியிலிருந்து பெயிண்டைத் தூக்கிவிடும். தூக்கிய செதிலை உரித்தெடுப்பது இந்தப் பறவைகளுக்கு விளையாட்டு.

என் மச்சினன் ஊருக்குள் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். வந்து பார்த்ததும் சொன்னான்: "மாமா, ரெண்டு நாள் என்ர பட்டறைல உட்டுட்டுப் போங்க. கேட்டுக்கு அடிக்கிற மாதிரியே அடிச்சுக் குடுத்தர்றேன்." நான் தயங்கியதும், "அது வேண்டாம்னா ஜி.ஐ. வலைல புதுசாவே கட்டித் தர்றனுங்க. நாமக்கல்லுல அத்தனை கோழியும் ஜி.ஐ. கூண்டுலதானுங்க நிக்குது. அதுக்கெல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. நம் பக்கம் இதைக் கேட்காதவர்கள் இல்லை. ஜி.ஐ. என்றால் இரும்புக்கு மேலே துத்தநாகப் பூச்சு. கோழி தீவனத்தைக் கொத்தும், தண்ணீர் குடிக்கும். கம்பியை அலகால் பிடித்து ஏறாது, மணிக்கணக்காக மெல்லாது. எடையையும் பார்க்க வேண்டும். முட்டைக் கோழி ஒன்றரைக் கிலோ வரும். காக்டெய்ல் 80 முதல் 100 கிராம், லவ் பேர்ட்ஸ் 30, 40 கிராம்தான். கோழிக்குப் பொருட்டே இல்லாத அளவு துத்தநாகம் இவற்றை வீழ்த்திவிடும். புது ஜி.ஐ. கூண்டில் விட்ட கிளி இனங்கள் துத்தநாக விஷத்தால் நோய்ப்படுவது பறவை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இதைச் சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவனிடம் காரணத்தைச் சொன்னால் போதும், அதற்கு மேல் வேலையை அவனே சரியாக யோசிப்பான்.

முதலில் கூண்டு என்ன உலோகம் என்று பார்த்தோம். இதற்குப் பெரிய சோதனை ஒன்றும் வேண்டாம். பெயிண்ட் போன இடத்தில் செம்பழுப்புத் துரு இருந்தால் அடியில் சாதா இரும்பு. மாவு படிந்தது போல வெள்ளைத் தூள் இருந்தால், அல்லது சுரண்டினால் வெளிர்சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் ஜி.ஐ. காந்தம் இந்த இரண்டிலும் ஒட்டும், அதை வைத்துப் பிரிக்க முடியாது. 304 வகை எவர்சில்வரில் காந்தம் அநேகமாக ஒட்டாது. அது உங்களிடம் இருந்தால் பெயிண்ட் பேச்சே வேண்டாம், கழுவித் துடைத்தால் முடிந்தது.

ஜி.ஐ. கூண்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதன் மேல் சாதாரண எனாமல் அடிக்காதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெய்ப் பசை துத்தநாகத்தோடு வினை புரிந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நாளில் தோல் தோலாக உரியும். அப்போது துத்தநாகமும் பெயிண்டும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகும். கூண்டை வெளியே எடுத்துப்போய் வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் காயவைப்பது மேல். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் தூளும் கட்டியும் போகும். துத்தநாகம் முழுக்கப் போய்விடாது. வெள்ளைத் தூள் மறுபடி வந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். கம்பியைக் கொறிக்கும் பழக்கமுள்ள பறவையை அதில் வைக்காமலிருப்பது நல்லது.

எங்களுடையது சாதா இரும்பு. அடுத்தது பழைய பெயிண்டை எடுப்பது. முழு வேலையிலும் நான் அதிகம் பயந்தது இதற்குத்தான். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் என்ன இருக்கும் என்று பார்வையால் சொல்ல முடியாது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சையில் ஈயக் கலவை நிறமிகள் இருந்தது சகஜம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த விதி வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்டுகளுக்குத்தான். தொழிற்சாலைகளுக்கென்று விற்கும் பெயிண்ட் அதில் அடங்காது. பட்டறையில் பாதி தீர்ந்து கிடக்கும் டின் எந்த வகை என்று கேட்காமல் பூசக் கூடாது.

வயது தெரியாத பெயிண்ட் என்பதால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்தோம். பட்டறைகளில் கேஸ் டார்ச்சால் சுட்டுப் பெயிண்டை எடுப்பார்கள். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈயம் புகையாகும், அடியில் துத்தநாகம் இருந்தால் அதுவும் புகையாகும். பறவைக்கு மட்டுமில்லை, சுடுகிறவருக்கும் காய்ச்சல் வரும். பெயிண்ட் ரிமூவர் ஜெல்லும் வாங்கவில்லை, அதன் நெடியே ஆளைத் தூக்கும். ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்ப்பதுதான் வழி. ஈரமாக இருப்பதால் தூசி பறக்காது. கீழே தார்ப்பாய், கையில் உறை, முகத்தில் என்-95 முகக்கவசம். கைக்குட்டை கட்டினால் போதாது. தேய்த்து வழிந்த கலங்கல் தண்ணீரைத் தென்னைப் பாத்திக்கோ கோழி மேயும் இடத்துக்கோ விடாமல், பழைய துணியில் ஒற்றி எடுத்துக் கவரில் கட்டினோம். மகள் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். வேலை சலிப்பானது. கம்பிகள் சந்திக்கும் மூலைகளில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால்தான் தேய்க்க முடியும்.

பறவைகளை இதற்கெல்லாம் முன்பே இடம் மாற்றிவிட்டோம். வேறு ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். பறவையின் மூச்சு நம்முடையது போல் இல்லை. நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடந்து போகும். உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் ரத்தத்தில் காற்று சேர்ந்துகொண்டே இருக்கும். உயரத்தில் பறப்பதற்கு அது வரம். விஷ வாயுவும் அதே வேகத்தில் ஏறும் என்பதுதான் சங்கடம். பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவிகளைக் கொண்டுபோய் விஷ வாயுவைக் கண்டறிந்தது இதை நம்பித்தான். 1986 வரை அந்த வழக்கம் இருந்தது. நமக்கு லேசாகத் தலை வலிக்கிற தின்னர் நெடியில் காக்டெய்ல் வாயைத் திறந்து, வால் ஏறி இறங்க மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பெயிண்ட் அடிக்காத வீட்டிலும் நான்-ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும், அந்தப் புகைக்கு நெடி கூடப் பெரிதாக இருக்காது. எங்கள் வீட்டில் பறவை வந்த நாளிலிருந்து இரும்பு தோசைக்கல் மட்டும்தான்.

குண்டடத்துக்குப் பக்கத்தில் என் மாமியாரின் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. பறவைகளை வேறொரு கூண்டில் விட்டு அங்கே கொண்டுபோய் வைத்தோம். "அமுச்சி ஊட்டுக்குப் போகுதுங்க, லீவுக்கு" என்று மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டம் என்றால் காற்று நன்றாக இருக்கும், ஆனால் அங்கேயும் கவனம் வேண்டும். விறகடுப்புப் புகை போகும் திசைக்கு எதிர்ப்புறம் கூண்டை வைக்கச் சொன்னேன். பக்கத்துக் காட்டில் மருந்து அடிக்கும் நாளை முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொன்னேன். பூனையும் சாரைப் பாம்பும் ஏற முடியாத இடம், நாட்டுக்கோழிகள் அண்டாத இடம் என்று பார்த்து மாமியாரே முன்திண்ணை ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார். "உங்க கிளிக்கு நான் காவலுங்களா மாப்ளே" என்று சொன்னாலும், காலையில் பாலைக் கறந்ததும் முதலில் போய் நிற்பது அந்தக் கூண்டுக்கு முன்னால்தான் என்று மனைவி சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவை ஆஸ்திரேலியப் பறவைகள், கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதற்குக் கூண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, வேண்டாம்.

சரி, என்ன பூசுவது? எனாமலை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் நெடி மட்டுமில்லை. தொட்டால் ஒட்டாது என்பதும் முழுதாகக் கெட்டிப்பட்டது என்பதும் வேறு வேறு. எனாமல் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுவது. மேல்தோல் ஒரு ராத்திரியில் காயும், உள்ளே வாரக்கணக்கில் இறுகிக்கொண்டிருக்கும். இறுகின பிறகும் காக்டெய்ல் அலகுக்கு அது பெரிய தடையில்லை. தண்ணீரில் கரையும் எனாமல்களில் நெடி குறைவு. அலகு விஷயத்தில் அதுவும் அதே கதைதான். டப்பா ஸ்ப்ரே பெயிண்ட் எல்லாவற்றையும் விட மெல்லிய கோட்டு, சீக்கிரம் உரியும்.

அதனால் பவுடர் கோட்டிங் என்று முடிவானது. இதில் தின்னரே கிடையாது. உலர்ந்த தூளை மின்னேற்றி உலோகத்தில் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி சூட்டில் ஓவனில் உருக்கி இறுக்குவார்கள். சரியாக வெந்த கோட்டு எனாமலை விடத் தடிமன், கடினம், நெடியும் இருக்காது. கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது வசதி. பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று அத்தனை பட்டறைகள் இருக்கிற ஊரில் கோட்டிங் யூனிட்டுக்குப் பஞ்சமில்லை. நாங்கள் போனது குறிச்சி சிட்கோ பக்கம். ஒற்றை உருப்படிக்கு ஓவனைப் பற்றவைக்க மாட்டார்கள். அவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் கலரோடு சேர்த்துவிட்டால் காசும் குறையும், வேலையும் நடக்கும். வெள்ளை ஓடும் நாளுக்காகக் காத்திருந்தோம்.

அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பவுடரில் ஈயமோ துத்தநாகமோ சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பவுடர் கம்பெனியின் தகவல் தாளைக் காட்டச் சொல்லுங்கள். துருவுக்கு நல்லது என்று துத்தநாகம் நிறைந்த பிரைமர் பவுடரை முதலில் அடிக்கலாம் என்பார்கள். கேட்டுக்கு நல்லது, கூண்டுக்கு வேண்டாம். சில்வர், மெட்டாலிக் கலர்களில் உலோகத் தூள் கலந்திருக்கும், அதையும் தவிர்த்தேன். "பறவைக் கூண்டு, அலகால கடிக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களும் அக்கறையாகப் பார்க்கிறார்கள். அங்கிருந்த சூப்பர்வைசர் என்னை உள்ளே அழைத்துப்போய்த் தொட்டிகளைக் காட்டினார். எண்ணெய் எடுக்க ஒரு தொட்டி, அமிலத்தில் துரு எடுக்க ஒன்று, நடுவில் அலசல், அப்புறம் பவுடர் நன்றாகப் பிடிக்க பாஸ்பேட் கரைசலில் முக்கும் பாஸ்பேட்டிங். பாஸ்பேட்டிங்கில் பெரும்பாலும் துத்தநாகம் இருக்கும். அது மெல்லிய அடிப்படலம், மேலே பவுடர் முழுதாக மூடினால் பறவைக்கு எட்டாது.

முழுதாக மூடுமா என்பதுதான் கூண்டின் சிக்கல். மின்னேற்றிய பவுடர் வெளிமுனைகளுக்கு ஓடிப்போய் ஒட்டும். உள்மூலைகளுக்குள் நுழையாது. கூண்டில் முக்கால்வாசி மூலைதான். கம்பியும் கம்பியும் குறுக்கே சேரும் இடம், சட்டத்தின் உள்பக்கம், கதவுக் கீல் இவையெல்லாம் மெல்லிசாகிவிடும். துரு மறுபடி கிளம்புவதும் அங்கேதான். நான் கூண்டைப் பலகை பலகையாகக் கழற்றித்தான் கொண்டுபோனேன். தட்டையாகத் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் ஸ்ப்ரே துப்பாக்கி எட்டும். முழுக் கூண்டாகப் பற்றவைத்திருந்தால் மூலைகளைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கம்பிகளின் வெல்டிங் இடுக்கிலும் குழாய்ச் சட்டத்துக்குள்ளும் அமிலம் தங்கிவிடும். நன்றாக அலசி உலர்த்தாமல் பவுடர் அடித்தால் பிறகு அது கசிந்து கோட்டைத் தூக்கும். இதைச் சொன்னபோது அந்த சூப்பர்வைசர், "கரெக்டுங்க, குழாய் ஐட்டத்துல எங்களுக்கு வர்ற கம்ப்ளெயிண்டே அதுதானுங்க" என்றார்.

வெந்ததா என்று அங்கேயே பார்க்கலாம். தின்னரில் நனைத்த துணியால் ஒரு ஓரத்தில் பலமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். துணியில் கலர் ஏறினால், அல்லது அந்த இடம் பிசுபிசுத்தால் சூடு போதவில்லை, மறுபடி ஓவனுக்குப் போக வேண்டும். அப்புறம் நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழக் கூடாது. வீட்டுக்கு வந்தபின் நான் செய்தது இன்னொன்று. பலகைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் விட்டு, சில நாள் நல்ல வெயிலில் வைத்தேன். பிறகு சின்ன ரூமில் வைத்து ஜன்னலெல்லாம் அடைத்துவிட்டு மறுநாள் காலையில் கதவைத் திறந்து மோந்தேன். நெடி இல்லை. துளி இருந்திருந்தாலும் பறவைகள் குண்டடத்திலேயே இருந்திருக்கும்.

மச்சினனுக்கும் வேலை இருந்தது. கூண்டு நிற்கும் ஸ்டாண்டு தனி, பறவையின் அலகு அதற்கு எட்டாது. அதைப் பட்டறையிலேயே எனாமல் அடித்து, ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே காற்றாட வைத்திருந்தான். மாசியில் அடித்ததால் நன்றாக வந்தது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் புழுதியை வாரிக்கொண்டு வரும், ஈரப் பெயிண்ட் மேல் அத்தனையும் ஒட்டும். மழை ஈரம் உள்ள நாளிலும் எனாமல் வெளுத்துப்போகும். வெளியில் வைத்துப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் மாசி, பங்குனியைப் பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன உருப்படிகளை யாரும் கவனிப்பதில்லை. கதவு ஸ்பிரிங், தீவனக் கிண்ணத்தைப் பிடிக்கும் கொக்கி, நட்டு, போல்ட், தொங்கும் மணி இவை பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசியவை. மலிவு மணிகளின் நாக்கில் ஈயம் இருக்கலாம். கம்பிக்கு இத்தனை பாடுபட்டுவிட்டு இவற்றை அப்படியே மாட்டினால் பறவை நேராக அங்கேதான் போகும். நட்டும் போல்ட்டும் எவர்சில்வரில் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது. மணியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சி கட்டிவிட்டோம். கொறிக்க அதுவே போதும்.

இவ்வளவும் பெரிய கூண்டுக்குத்தான் கட்டும். ஓரடி, ஒன்றரை அடி லவ் பேர்ட்ஸ் கூண்டுக்கு கோட்டிங் கூலியும் போக்குவரத்தும் கூண்டு விலையைத் தாண்டிவிடும். அதில் பெயிண்ட் உரிகிறது என்றால் கூண்டை மாற்றுங்கள். மாற்ற வசதி இல்லாவிட்டால் உரிகிற பெயிண்டை முழுதாகத் தேய்த்து எடுத்து, வெறும் இரும்பாகவே விட்டு, கழுவியதும் உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவைத்து வாருங்கள். அரைகுறைப் பெயிண்டை விட வெறும் இரும்பு நல்லது. கோட்டிங் செய்த கூண்டிலும் எங்காவது பெயர்ந்தால் அங்கே பிரஷ்ஷால் ஒட்டுப்போட மாட்டேன். பரவ ஆரம்பித்தால் அந்தப் பலகையை மட்டும் எவர்சில்வர் வலையில் செய்து மாட்டிக்கொள்வதாக மச்சினனிடம் அளவு கொடுத்து வைத்திருக்கிறேன். வாராவாரம் கழுவும்போது குறுக்குக் கம்பி சேரும் இடங்களை விரலால் தடவிப் பார்க்கிறேன். கண்ணை விட விரலுக்கு முதலில் தெரிகிறது.

பறவை புதுக் கூண்டுக்குத் திரும்பியதும் முதல் சில வாரங்கள் எச்சத்தைத் தினமும் பாருங்கள். தட்டில் வெள்ளைக் காகிதம் விரித்தால் நன்றாகத் தெரியும். எச்சம் கரும்பச்சையாகவோ வெறும் தண்ணீராகவோ போவது, கக்குவது, தூங்கி வழிவது, கம்பியில் பிடிமானம் தவறித் தள்ளாடுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து உடனே எடுத்து வேறு கூண்டில் விட்டுவிட்டு மருத்துவரிடம் போய்விடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், பறவைகள் நோயை மறைத்து வைத்துக்கொள்ளும், நமக்குத் தெரியும்போது முற்றியிருக்கும். எக்ஸ்ரேயில் வயிற்றில் கிடக்கும் உலோகத் துண்டு தெரியும், ரத்தச் சோதனையில் ஈயமும் துத்தநாகமும் தெரியும், அவற்றை உடலிலிருந்து வெளியேற்ற ஊசி இருக்கிறது. பறவைகளைப் பார்த்துப் பழகிய டாக்டர் உள்ளூரில் இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். போகும்போது கூண்டில் உரிந்த செதில் ஒன்றையும், அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த உலோகம் என்று டாக்டர் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.